ஆறாத தலையணை

தலையணை சூடாக இருந்தது.

மழைச் சாரல் உள்ளே அடிக்கிறதே, சன்னலைச் சாத்திவிடலாம் என்றுதான் பெனிட்டா அந்தச் சின்ன அறைக்குள் போனாள். காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஐப்பசியில் அது நிறைந்துவிட்டால், எந்தச் சன்னலைத் திறந்தாலும் தவளைச் சத்தமும் சேற்று வாடையும் முதலில் உள்ளே வந்துவிடும். கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பும்போது, கட்டில் நனைந்திருக்கிறதா என்று பார்க்கக் கையை வைத்தாள். விரிப்பு ஈரம் கோத்துச் சில்லென்று கிடந்தது. மெத்தையும் அப்படியே. தலையணையின் நடுவில் மட்டும் பஞ்சு அமுங்கி, ஒரு கை அகலத்துக்குக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழிக்குள் சூடு இருந்தது. வெயில் பட்ட துணியின் சூடு அல்ல. இப்போதுதான் எழுந்துபோன ஒரு தலை விட்டுவைக்கும் சூடு.

மாசியில் தவக்காலம் தொடங்கிய வாரத்தோடு அந்தக் கட்டிலில் படுக்க ஆள் இல்லாமல் போயிருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனாலும் எடுக்கவில்லை. அந்தச் சூட்டின் அளவு அவளுடைய உள்ளங்கைக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தேழு டிகிரி. வேலை செய்யும் இடத்தில் செல்கள் வளரும் பெட்டியைத் திறந்து, தட்டுகளை எடுக்கக் கையை விடும்போதெல்லாம் முகத்திலும் விரலிலும் படும் சூடு அது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய். அதற்கு அடியில், லேசாகப் புளித்த காய்ச்சல் வாடை.

“என்னங்க,” என்று கூப்பிட்டாள். “இங்க வந்து படுத்தீங்களா?”

கிளாட்வின் மின்துறையில் லைன் வேலை பார்ப்பவன். மழைக்காலத்தில் வீட்டில் இருக்கிற நேரமே குறைவு. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றான்.

“நானா? இந்தக் கட்டில்ல எங் காலு மட்டுந்தான் படுக்கும்.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். ஆனால் அறைக்குள் வரவில்லை. தலையணையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், பிறகு டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

டெல்பின் அவர்களுடைய ஒரே பிள்ளை. பிறந்ததிலிருந்தே காய்ச்சலோடு வளர்ந்தவள். வரும், ஒரு வாரம் இருக்கும், போகும், மறுபடி வரும். காரைக்காலில் பார்த்தார்கள், தஞ்சாவூரில் பார்த்தார்கள், கடைசியில் புதுச்சேரியில் ஒரு மருத்துவர் பிள்ளையின் மரபணுவைச் சோதித்துக் காரணத்தைச் சொன்னார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கைனேஸ் இருக்கிறது. கெட்டுப்போன செல்லுக்கு ‘நீ போகலாம்’ என்று உத்தரவு வரும்போது, அதைக் கேட்டு நிறைவேற்றி வைக்கிற புரதம் அது. டெல்பினுக்கு அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்து பிழையாகிவிட்டது. உத்தரவு வராமலே அது கேட்டுக்கொண்டது. நல்ல செல்களும் ஓயாமல் செத்துக்கொண்டிருந்தன. அந்தச் சாவுகளின் சூடுதான் காய்ச்சல்.

பெனிட்டாவின் வேலையே செல்களை வளர்ப்பதுதான். நாகூர் போகும் சாலையில் ஒரு தனியார் ஆராய்ச்சிக் கூடத்தில் பல ஆண்டுகளாக அதைச் செய்துவருகிறாள். ஆகவே சோதனைக்காக டெல்பினின் இடது முழங்கைக்கு மேலே துவரம்பருப்பு அளவுக்குத் தோல் எடுத்தபோது, அதில் பாதியை அவள் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். கையில் கட்டோடு பேருந்தில் திரும்பி வரும்போது பிள்ளை கேட்டாள்:

“அம்மா, எடுத்தத திருப்பி ஒட்டிருவாங்களா?”

“பாதிய டாக்டர் வெச்சுக்குவாங்க. பாதிய அம்மா கொண்டுபோயி சரி பண்ணுவேன்.”

“சரி பண்ணிட்டு ஒட்டிருவியா?”

“ஒட்டிருவேன்டா.”

“மறக்கக் கூடாது, ஆமா.”

பெனிட்டா மறக்கவில்லை. தோலிலிருந்து செல்களைப் பிரித்து வளர்த்தாள். மூப்படையாமல் பெருகிக்கொண்டே இருப்பதற்கு வேண்டியதை அவற்றுக்குள் செலுத்தினாள். பிறகு பிழையான அந்தக் கைனேஸ் இருக்கும் இடத்தைக் கத்தரித்து எடுத்தாள். எழுத்தைத் திருத்துவது கடினம், எடுத்துவிடுவது எளிது. நோய்க்கு வழி அதுதானா என்று முதலில் தெரிய வேண்டும், மருந்து அதற்குப் பிறகு. வேலை முடிந்து, கைனேஸ் இல்லாத செல்கள் பிளாஸ்க் என்னும் தட்டையான குப்பியின் அடியில் ஒட்டி வளரத் தொடங்கிய வாரத்தில், டெல்பினை வெள்ளைக் கவுன் போட்டுக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு கோயிலில் ‘முதல் நன்மை’ என்கிற முதல் திருவிருந்தை வாங்குவதற்காக முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த கவுன்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அவளிடம் இரண்டு வகைச் செல்கள் இருந்தன. நோயோடு இருந்தவை, கைனேஸ் எடுக்கப்பட்டவை. சாவு உத்தரவைத் தருகிற ரசாயனத்தை இரண்டுக்கும் கொடுத்துப் பார்த்தாள். நோயுள்ளவை கொப்புளம் கொப்புளமாக ஊதி உடைந்தன. நுண்ணோக்கியில் அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவற்றை அன்றைக்கே கழித்துவிட்டாள். மற்றவை அசையவில்லை, உத்தரவு தங்களுக்கு வந்ததே தெரியாதவை போல, நீள நீளமாய்க் கையை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அவற்றை வைத்துக்கொண்டாள். பிளாஸ்க்கின் மேல் ‘நோயாளி 7’ என்று எழுதினாள். ஏழு டெல்பினின் வயது. கூடத்தில் வேறு யாருக்கும் இது தெரியாது.

வைகாசியில் ஐதராபாத்தில் ஒரு நிறுவனத்தார் கேட்டார்கள் என்று, அந்தச் செல்களை உறைய வைத்த குழாய்கள் இரண்டை உலர்பனியில் வைத்து அனுப்பினாள். அதைப் பற்றிப் பிறகு அவள் நினைக்கவே இல்லை.

தலையணையைத் தொட்ட மறுநாள் அவள் கூடத்துக்குப் போனபோது, திரிபுரசுந்தரி செல் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திருநள்ளாற்றிலிருந்து வருகிற ஆராய்ச்சி மாணவி. வாய் ஓயாது.

“சனிக்கெழமன்னா எங்க ஊர்ல மனுசங்க பஸ்ஸுல ஏற முடியாதுக்கா. மொத்த ஊரும் எண்ணெ தேச்சுக்கிட்டு நிக்குது. அது கெடக்கட்டும், இத பாருங்க. ஒங்க நோயாளி ஏழு என்னக்கா இந்தத் தீனி திங்குது? நேத்துதான மீடியம் மாத்துனேன்?”

செல்களுக்கு ஊற்றுகிற சத்துநீர் ரோஜா நிறம். தின்று தீர்த்தால் மஞ்சளாகும். அவள் தூக்கிக் காட்டிய பிளாஸ்க்கில் இருந்தது வெளிறிய மஞ்சள்.

“யாரு பெத்த புள்ளையோ! நல்லா வக்கணையா வளத்து விட்டுருக்காங்க,” என்று சொல்லித் திரிபுரசுந்தரி சிரித்தாள்.

பெனிட்டாவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் வாய் அப்படியே நின்றது.

“எடமில்லாம நெருக்கியடிச்சுக் கெடக்குதுக்கா. பிரிச்சு வெச்சிரவா?”

“வேணாம். நான் பிரிக்கிறேன்.”

ஒட்டியிருந்த செல்களை விடுவித்து, ஒரு பிளாஸ்க்கை இரண்டாகப் பிரித்தாள். கையுறைக்கு உள்ளே விரல்கள் வேர்த்தன. வழக்கமாகச் செய்கிற வேலைதான். ஒன்று, இரண்டு. பெட்டியின் கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் தலையணையில் இரண்டு குழிகள் இருந்தன.

பக்கத்தில் பக்கத்தில். ஒரே அளவு. இரகசியம் பேசுகிற பிள்ளைகள் தலையோடு தலை வைத்துக்கொள்வதுபோல. டெல்பின் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டுதான் தூங்குவாள். மெத்தையில் முழங்கால் பட்டு அமுங்கிய இடமும் இரண்டு இருந்தது. பெனிட்டா ஒன்றைத் தொட்டாள். சூடு. மற்றதைத் தொட்டாள். அதே சூடு. எது அவள் என்று தெரியவில்லை. அந்த எண்ணம் வந்த பிறகுதான் அவள் கையை வெடுக்கென்று எடுத்தாள்.

“ரெண்டு இருக்குல்ல?”

கிளாட்வின் பின்னால் நின்றான். இந்த முறை உள்ளே வந்திருந்தான்.

“ஒங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?”

“ஆடி மாசத்துலேருந்து.” அவன் தரையில் உட்கார்ந்தான். “நீ பயந்துருவன்னு சொல்லல. வேலவிட்டு வந்ததும் கொஞ்ச நேரம் இங்க ஒக்காருவேன். கைய வெச்சா சூடா இருக்கும். தலயத் தடவிக் குடுக்கற மாரி தடவுவேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு, பெனி. பொய் சொல்லக் கூடாது. ஒண்ணா இருந்தப்ப, அது நம்ம புள்ளன்னு இருந்துச்சு. இப்ப ரெண்டு இருக்கறப்ப…”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துவரம்பருப்பு அளவுத் தோலிலிருந்து இன்று காலை பிரித்தது வரைக்கும் ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். வாய்க்காலில் தவளைகள் கத்திக்கொண்டே இருந்தன. கடைசியில் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

“அப்ப, சாவுன்னு சொன்னா அவளுக்குக் கேக்காதா?”

“கேக்காது. கேக்குற எடத்தயே நான் எடுத்துட்டேன்.”

“செத்த புள்ளைக்கா வைத்தியம் பாத்த நீ?”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. அவன் தலையணை வரைக்கும் கையைக் கொண்டுபோனான், தொடாமல் எடுத்துக்கொண்டான்.

“எத்தன நாளு காய்ச்சல்ல கெடந்து, ‘போதும்மா’ன்னு கேட்டா? தூங்கட்டும், பெனி. கல்லறத் திருநாளுக்கு முன்னாடி முடிச்சிரு. அன்னிக்கிப் போயி மெழுகுத்திரி ஏத்தும்போது, உள்ள முழுசா இருக்காங்கற நெனப்போட ஏத்தணும் நான்.”

சரி என்றாள். ஆனால் அடுத்த வாரம் முழுவதும் அவள் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னாள். உண்மையும் அதுதான். அந்த வாரத்தில், அக்காவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, திரிபுரசுந்தரி நோயாளி ஏழைப் பிரித்து ஆறு பிளாஸ்க்குகள் ஆக்கிவிட்டாள்.

அதை அவள் தொலைபேசியில் சொல்வதற்கு முன்பே பெனிட்டாவுக்குத் தெரிந்திருந்தது. கட்டிலில் மூன்று குழிகள், அங்கே இடம் போதாமல் பாயில் ஒரு குழி. சோபாவின் திண்டில் ஒரு குழி. துவைத்து மடிக்காமல் நாற்காலியில் குவித்து வைத்திருந்த துணிகளின் மேல் ஒன்று. மழை விட்டு, ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும் நின்று, தவளைகளும் என்னவோ ஒன்றைக் கேட்டு அடங்கினாற்போல் ஒரே நேரத்தில் அடங்கும் அந்த விளக்கு வைக்கிற வேளையில், வீட்டுக்குள் மூச்சுச் சத்தம் கேட்டது. சளி கட்டிய சின்ன மூக்கு வழியாக, கொஞ்சம் விசிலடித்தாற்போல் உள்ளே போய், வாய் வழியாக வெளியே வருகிற, ஏழு ஆண்டுகளாக அவள் பாதித் தூக்கத்தில் எண்ணிக்கொண்டு கிடந்த அதே மூச்சு. அது ஓர் இடத்திலிருந்து வரவில்லை, எல்லா அறைகளிலிருந்தும் வந்தது, ஒன்றாகவும் வரவில்லை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒருத்தி விட்ட மூச்சை அடுத்தவள் வாங்கிக்கொள்வதுபோல் வந்தது. வீடே வெதுவெதுப்பாக இருந்தது. சுவரில் வேர்வை.

சோபாவில் உட்கார அவர்களுக்கு மனம் வரவில்லை. நின்றபடியே சாப்பிட்டார்கள்.

மறுநாள் பெனிட்டா கூடத்துக்குப் போய் முதலில் ஒரு பிளாஸ்க்குக்கு மட்டும் சாவு உத்தரவைக் கொடுத்தாள். பிளீச் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது எரிக்கும். ஊசிக்கே அப்படி அழுத பிள்ளை. உத்தரவைக் கொடுத்தால், உடம்பே தானாகக் கண்ணை மூடிக்கொள்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். கைனேஸ் இல்லாத செல்லுக்கு அது கேட்காது என்று கிளாட்வினிடம் சொன்னவளே அவள்தான். அளவை இரு மடங்காக்கினாள். மும்மடங்காக்கினாள். அம்மா சொன்னால் கேட்பாள் என்று ஒரு நினைப்பு.

செல்கள் அசையவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு சத்தம் கேட்டது. பாயிலிருந்து. அழுகை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசி எப்போது முடியும் என்று காத்திருக்கிற சத்தம். ‘கொஞ்சம் பொறுத்துக்கடா, இதோ முடிஞ்சிரும்’ என்று அவள் எப்போதும் சொல்வாள். அன்றைக்கும் சொன்னாள். பாயின் ஓரத்தில் மண்டியிட்டு, காலியான பாயிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். முடியவில்லை. விடிகிற வரைக்கும் அந்தச் சத்தம் முடியவில்லை.

நவம்பர் ஒன்று. புதுச்சேரி விடுதலை நாள் விடுமுறை. கடலில் புயல் சின்னம். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பதாகக் காலையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் சொல்லிக்கொண்டு போனார்கள். கொடியேற்றத்துக்குப் போன பிள்ளைகள் நனைந்த காகிதக் கொடிகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெனிட்டா கூடத்தின் பூட்டைத் தானே திறந்து உள்ளே போனாள்.

பகல்தான். ஆனாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. செல் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. முதலில் உறைநிலைத் தொட்டியைத் திறந்து, வெண்புகைக்குள் கையை விட்டு, உறைந்த குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்து பிளீச் வாளியில் போட்டாள். அவை டிக் டிக் என்று வெடித்தன. பிறகு ஆறு பிளாஸ்க்குகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள். கிளாட்வினைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள்.

“அறையில இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“ஆரம்பிக்கிறேன்.”

முதலில், வலியில் இருந்ததை எடுத்தாள். ஊற்றினாள். ரோஜா நிறம் வெளுத்து, தண்ணீர்போல் ஆயிற்று.

தொலைபேசியில் மழைச் சத்தமும், பாயைத் தடவுகிற சத்தமும் வந்தன.

“பாயில இருந்தது ஆறிருச்சு,” என்றான் கிளாட்வின்.

அடுத்தது. “சோபாவும்.”

அடுத்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அடுத்தது.

அடுத்தது.

“பெனி.”

“சொல்லுங்க.”

“கட்டில்ல ஒண்ணுதான் இருக்கு. எங் கைய புடிச்சிருக்கு.”

பிளீச் பாட்டில் அவள் கையில் இருந்தது. மூடி திறந்திருந்தது. வாடை கண்ணை எரித்தது.

“வெரல இறுக்கிப் புடிச்சிருக்கு, பெனி. ஊசி போடும்போது புடிப்பால்ல, அந்த மாரி. ஊத்தாத. ஊத்தாத, பெனி. வீட்டுக்குக் கொண்டா. அவகிட்டேந்து எடுத்ததுதான? நாளைக்கி அவகிட்டயே குடுத்துருவோம்.”

செல்களை வெளியே கொண்டுபோகும்போது குளிர்ந்துவிடாமல் இருக்க, பிளாஸ்க்கை உடம்போடு அணைத்துக்கொண்டு போவது கூடத்தில் எல்லோருக்கும் பழக்கம். பெனிட்டா அதைப் புடவைக்குள், அடிவயிற்றோடு சேர்த்து வைத்துக் கட்டிக்கொண்டாள். ஆட்டோவில் போகும்போது மேட்டிலும் பள்ளத்திலும் இரண்டு கைகளாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுநர் ரஃபீக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக விட்டார்.

“பாத்து ஒக்காருங்கம்மா. எத்தனாவது மாசம்?”

“கடைசி,” என்றாள்.

மறுநாள், கல்லறைத் திருநாள் அன்றைக்கு, மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஆனாலும் கல்லறை நிறையக் கூட்டம். சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, செத்தவர்களுக்குப் பிடித்த பலகாரத்தைத் தட்டில் வைத்து, குடைக்கு அடியில் மெழுகுத்திரியை மறைத்து மறைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிளாட்வின் தலைமாட்டில் கையால் மணலைத் தோண்டினான். ஈர மணல், தோண்டத் தோண்டச் சரிந்து மூடியது. முழங்கை ஆழம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

பெனிட்டா பிளாஸ்க்கை எடுத்தாள். அவளுடைய வயிற்றுச் சூடு அதில் இருந்தது. நீர் இன்னும் ரோஜா நிறமாகவே இருந்தது. “ஒட்டியாச்சுடா,” என்று சொல்லிக் குழியில் வைத்தாள்.

உயிரோடு இருப்பதை மண்ணில் வைக்கிறோம் என்பது, அவன் மணலைத் தள்ளி மூடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சாகத் தெரியாத ஒன்றை. வாயைத் திறந்தாள். அதற்குள் பங்குச் சாமியார் வந்துவிட்டார். மந்திரித்த தண்ணீர் சிலுவையிலும் மணலிலும் அவள் முகத்திலும் தெறித்தது. அவள் கல்லின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. மற்றக் கல்லறைகளைப் போலவே குளிர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராக அந்த அறைக்குப் போனார்கள். தலையணை உப்பி, குழி எதுவும் இல்லாமல், ஈரமாக, புதிதாகக் கடையில் வாங்கி வைத்ததுபோல் இருந்தது. மூச்சுச் சத்தம் இல்லை. வீட்டில் இரண்டே பேர். கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஒன்பது மாதம் அழாமல் வைத்திருந்ததை எல்லாம் அவர்கள் அழுதார்கள். பிறகு அவன் எழுந்து போய் டீ போட்டான். இரண்டு தம்ளர்கள். அவள் சோபாவில் உட்கார்ந்து குடித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் திரிபுரசுந்தரி கூப்பிட்டாள்.

“அக்கா, லீவு நாள்ல தொந்தரவு பண்றேன். நல்ல சேதி, அதான். ஐதராபாத்துலேருந்து இப்பதான் பேசுனாங்க. நம்ம அனுப்புன நோயாளி ஏழ இத்தன நாளா ஒறய வெச்சிருந்துட்டு, இன்னிக்கித்தான் எல்லா எடத்துலயும் பெட்டியில ஏத்தியிருக்காங்களாம். அவங்ககிட்ட மட்டும் நூறு பிளாஸ்க்காம்க்கா! மருந்து சோதனைக்கு. அப்பறம் பெங்களூருக்கு, புனேக்கு, வெளிநாட்டுல ஒரு செல் வங்கிக்கும் குடுத்துட்டாங்களாம். இனிமே யாரு கேட்டாலும் கெடைக்கும். ஒங்க புள்ளைக்கு அழிவே கெடையாதுக்கா.”

புள்ள என்று அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

பெனிட்டா தொலைபேசியை மெதுவாகக் கீழே வைத்தாள். டீ தம்ளரில் இன்னும் சூடு இருந்தது. இல்லை. தம்ளர் அல்ல. அறையே சூடு. சுவரில் வேர்வை இறங்கியது. தவளைகள் அடங்கின. ஒரே நேரத்தில்.

வெளியே வாசல் கேட்டின் கொக்கி தூக்கப்படும் சத்தம். டெல்பினுக்கு எட்டாத உயரம் அது. நுனிக்காலில் நின்று, இரண்டு முறை நழுவவிட்டு, மூன்றாவது முறைதான் தூக்குவாள். இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை தூக்கியது.

“தொறக்காத,” என்றான் கிளாட்வின்.

தண்ணீரில் சின்னக் கால்கள். தளக், தளக். படியில். நின்றன.

“பெனி. தொறக்காத.”

கதவின் மேல் ஒரு கை பட்டது. தட்டவில்லை. பட்டது, அவ்வளவுதான். கதவின் மரம் உள்பக்கம் வரைக்கும் சூடேறியது.

அவள் திறந்தாள்.

வெள்ளைக் கவுன். தலை நிறைய ஈர மணல். நெற்றியில் விழுந்த மழை ஆவியாக எழுந்தது. அம்மாவைப் பார்த்ததும் டெல்பின் சிரித்தாள். இடது கையைத் திருப்பி, முழங்கைக்கு மேலே காட்டினாள். தோல் வழவழவென்று மூடியிருந்தது. காயமே தெரியவில்லை.

“ஒட்டிட்டம்மா,” என்றாள். பிறகு வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

அவளுக்குப் பின்னால் படியில் ஒருத்தி நின்றாள். வெள்ளைக் கவுன். அதே முகம். அதே காய்ச்சல் கண்கள். இடது கையை நீட்டினாள். முழங்கைக்கு மேலே, துவரம்பருப்பு அளவுக்கு, சிவப்பாக ஒரு குழி.

“எனக்கும்மா?”

அவளுக்குப் பின்னால் கேட்டில் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் சாலையில் இரண்டு பேர். முதல் நன்மைக்குக் கோயிலில் நிற்க வைப்பதுபோல் இரண்டிரண்டு பேராக, வெள்ளை வெள்ளையாக, தெருவிளக்கின் வெளிச்சம் முடிகிற இடம் வரைக்கும், மழை அவர்கள் மேல் புகைந்துகொண்டிருக்க, ஒவ்வொருத்தியும் இடது கையை நீட்டிக்கொண்டு, யாரும் யாரையும் இடித்துத் தள்ளாமல், பொறுமையாக, அம்மா மறக்க மாட்டாள் என்ற நம்பிக்கையோடு நின்றார்கள். வெளிச்சம் முடிந்த இடத்துக்கு அப்பால், இருட்டில், தண்ணீரில் சின்னக் கால்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன.